‘விடட்டோ’ என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில்

அந்த வருடம் எங்கள் மூன்று பேரின் விசாவும் என் ஒருவனுடைய வேலையில்தான் நின்றது. நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தில், பென்ரோஸ் என்கிற பகுதியில் ஒரு டீசல் பட்டறை. வேன், லாரி, சின்ன பஸ் எல்லாம் வரும். அந்தப் பட்டறைக்காரர் வேலை கொடுத்ததால் எனக்கு விசா. அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம், தனியாகக்கூடச் செய்யக் கூடாது. என் வேலை போனால் என் விசா போகும், அதோடு மனைவியின் விசாவும், மனுரேவாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளின் விசாவும் போகும். தினமும் காலையில் ரயிலில் உட்கார்ந்ததும் இந்தக் கணக்கை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். அது ஒரு கெட்ட பழக்கம் என்று தெரியும், ஆனாலும் விட முடியவில்லை.

முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வெள்ளைக்காரர், அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. இங்கே அதைக் ‘கேஷி’ என்பார்கள், அதாவது பட்டறைக்குத் தெரியாமல் வெளியே செய்து கொடுக்கிற வேலை. யாருக்காவது வெளியே ஒரு போல்ட்டைத் திருகினாலும், திருகச் சொல்லி யோசனை கொடுத்தாலும், மறுநாள் வரவேண்டாம் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்த வெல்டர் ஒருவர் எங்களோடு இருந்தார். தெரிந்தவர் ஒருவருக்குத் தன் வீட்டில் வைத்து சைலன்சர் ஒட்டிக் கொடுத்தார். அது எப்படியோ தெரிந்துவிட்டது. சில வாரங்களில் அவருடைய குடும்பமே பெட்டி கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. என் லாக்கருக்குப் பக்கத்து லாக்கர் அவருடையது. அதன் கதவு சரியாகச் சாத்தாமல் பாதி திறந்தே கிடக்கும், உடை மாற்றும்போதெல்லாம் என் முழங்கையில் இடிக்கும்.

நான் திருச்சிக்காரன். பதினான்கு வருடம் லாரி எஞ்சினில் கையை விட்டவன். வீட்டில் என் சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்று மனைவி சொல்வாள். பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சத்தமெல்லாம் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது.

மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே அவளோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். லின்ஃபீல்டில் வீடு. நாங்கள் வந்த புதிதில் எங்களுக்குக் கம்பளியும், ஒரு ஹீட்டரும், மீன் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். அவர் கணவருக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது, சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சக்கர நாற்காலியோடு ஏற்றிப் போகிற மாதிரி பின்பக்கம் சாய்தளம் வைத்த ஒரு டீசல் வேன் வைத்திருந்தார்கள். அதை அக்காதான் ஓட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை, ஸ்மோக்கோ என்று இங்கே சொல்கிற டீ இடைவேளையில், வாட்ஸாப்பில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. வண்டியின் டாஷ்போர்டு. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டீசல் வண்டிக்கு இப்போதெல்லாம் இரண்டு மூடி. ஒன்றில் டீசல், பக்கத்தில் நீல மூடியில் யூரியா கலந்த தண்ணீர். புகையில் இருக்கிற நச்சைக் குறைக்க அந்தத் தண்ணீரை வண்டி புகைக்குழாய்க்குள் தானாகவே பீய்ச்சிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் மஞ்சள் விளக்கு. அப்படியும் ஊற்றாவிட்டால், அல்லது கெட்டதை ஊற்றிவிட்டால், சிவப்பு விளக்கு வரும், இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று வண்டி எண்ண ஆரம்பிக்கும். எண்ணிக்கை தீர்ந்த பிறகு எஞ்சினை நிறுத்தினால் அவ்வளவுதான், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. வழியில் நின்றுவிடாது, நிறுத்தினால்தான் எழுந்திருக்காது. இந்த ஏற்பாட்டை யோசித்தவன் யாராக இருந்தாலும் அவன் ஒரு நோயாளியை வண்டியில் ஏற்றிப் போயிருக்கமாட்டான்.

படத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்: “தம்பி, இந்த லைட் பத்துது. கார்போர்ட்டில பழைய கான் ஒண்டு கிடக்கு. இவர் முந்தி வாங்கி வச்சது. மூடியைக் காணேல்லை, பையால கட்டிக் கிடக்கு. விடட்டோ?”

கூடவே அந்தக் கேனின் படம். கார் நிறுத்துகிற கொட்டகையின் ஓரத்தில், கூரைத் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வாயைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. இரண்டு கோடை வெயிலும் மழையும் பட்ட சரக்கு. அதை வண்டியில் ஊற்றக் கூடாது என்று சொல்லப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி டீ போட வந்தார். நான் செய்தது என்ன, ஒரு படத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் திறந்து கிடந்த அந்த லாக்கர் கதவு கண்ணில் வந்து நின்றது. போனைப் பையில் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எழுதினால் நேரமாகும் என்று, குரலைத் தாழ்த்தி, ஒரே மூச்சில் பேசி அனுப்பினேன். “அக்கா, அந்தப் பழைய தண்ணிய விட்டுடுங்க. புதுசு நான் ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்.”

அனுப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். உதவியும் செய்தாயிற்று, மாட்டிக்கொள்ளவும் இல்லை என்று மனதுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் இன்னொரு படம் வந்தது. சிவப்பு விளக்கு. யூரியாத் தண்ணீரின் தரம் சரியில்லை, இன்னும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது என்று ஆங்கிலத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றுமே ஊற்றாத வண்டிக்குத் தரம் எப்படிக் கெடும்? பட்டறைக்கு வெளியே, கண்டெய்னர்கள் அடுக்கியிருந்த சந்துக்குள் போய் நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

“எங்க இருக்கீங்க அக்கா?”

“ஆஸ்பத்திரி கார் பார்க்கில. இவரை உள்ளுக்கு விட்டிட்டு வந்து இருக்கிறன். வரேக்குள்ளதான் சிவப்பா மாறினது. நிப்பாட்டினா ஸ்டார்ட் வராது எண்டு போட்டிருக்கு. அதால நான் எஞ்சினை நிப்பாட்டேல்லை.”

“எவ்வளவு நேரமா?”

“ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல. ஆக்கள் பாத்துப் பாத்துப் போகினம். இவரை எப்பிடி வீட்ட கொண்டு போறது?”

அந்த எண்ணிக்கை தீரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தலாம், பயப்படாமல் அணைத்துவிடுங்கள் என்றேன். மறுமுனையில் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. எஞ்சின் இரைச்சல் அடங்கியது.

“என்னக்கா நடந்துச்சு? நீங்க ஏதாவது ஊத்தினீங்களா?”

“நீங்கள் சொன்னபடிதான் விட்டனான்.”

“சரி, விட்டுட்டீங்க. அப்புறம் என்ன ஊத்தினீங்க?”

“அதைத்தான் தம்பி சொல்லுறன். அந்தப் பழைய தண்ணியை விட்டனான். முழுக்க விட்டனான், ஒரு சொட்டும் மிச்சம் வைக்கேல்லை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ‘விட்டுடு’ என்றால் தொடாதே, அப்படியே கிடக்கட்டும். அவர் வீட்டில் குழம்புக்குப் பால் விடுவார்கள், செடிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஏன், எங்கள் ஊரிலும் தோசைக்கு எண்ணெய் விட்டுச் சுடுவோம். அவர் ‘விடட்டோ’ என்று கேட்டது ‘ஊற்றட்டுமா’ என்று. நான் அதை ‘வேண்டாமென்று வைத்துவிடட்டுமா’ என்று எடுத்துக்கொண்டேன். ‘ஊத்தாதீங்க’ என்று இன்னும் ஒரே ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு பேசுகிறவனுக்கு அந்த ஒரு சொல்லுக்கு நேரமில்லை.

சந்துக்குள் நின்றபடியே கணக்குப் போட்டேன். தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதிதாக ஊற்றினாலும் போதாது. வண்டியின் கம்ப்யூட்டரிடம் கோளாறு சரியாகிவிட்டது என்று சொல்லி எண்ணிக்கையை அழிக்க வேண்டும். அதற்கான கருவி பட்டறையில்தான் இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு லின்ஃபீல்டுக்குப் போக முடியாது. சனிக்கிழமை காலை அவர் கணவர் மறுபடி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நாளைக்கே வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை. கொண்டுவந்தால் முதலாளி கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த நிமிடம் நினைத்தது அக்காவின் கணவரை இல்லை. வெல்டரை நினைத்தேன், மகளின் பள்ளிக்கூடப் பையை நினைத்தேன். பிறகு அக்காவிடம், “அக்கா, நாளைக்குக் காலையில எங்க பட்டறைக்கே கொண்டு வந்துடுங்க. ஆனா ஒரு விஷயம். நான் சொல்லித்தான் ஊத்தினீங்கன்னு மட்டும்...” என்று இழுத்தேன்.

“விளங்குது தம்பி,” என்றார்.

அன்று வீட்டில் மனைவியிடமும் சொல்லவில்லை. மகள் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன், அது அழுதுகொண்டு உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வண்டி வந்தது. அக்கா கறுப்பு மழைக்கோட்டும் நெற்றிவரை இழுத்துவிட்ட அதன் தொப்பியுமாக இறங்கி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர் மாதிரி நேராகக் கவுண்டருக்குப் போனார். முதலாளி சாவியை வாங்கி என்னிடம் நீட்டி, என்னவென்று பார் என்றார்.

என்னவென்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் தெரியாதவன் மாதிரி ஆரம்பித்தேன். கருவியைச் செருகினேன். தரம் குறைவு என்று கோளாறு எண் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. தொட்டியின் அளவு காட்டும் சென்சாரைப் பார்த்தேன். ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பீய்ச்சும் முனையைக் கழற்றி உப்புக் கட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தேன், லேசாகத்தான் கட்டியிருந்தது. முன்பின் பார்க்காத அக்கறையோடு ஃபியூஸைக்கூடக் கழற்றி மாட்டினேன். சோதனை முடிந்தால் கேள்வி ஆரம்பிக்கும். அது ஆரம்பிக்காமல் இருக்க இன்னும் எதையெல்லாம் கழற்றலாம் என்றுதான் என் மூளை ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் தொட்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, அதைச் சோதிக்கிற சின்னக் கண்ணாடிக் குழலில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீராக இருந்தால் நிற்க வேண்டிய கோடு ஒன்று உண்டு. இது அதற்கு எவ்வளவோ கீழே நின்றது. பாதிக்கு மேல் மழைத்தண்ணீர்தான். என் தோளுக்குப் பின்னால் முதலாளியின் மூச்சு கேட்டது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. குழலை வாங்கி அவரும் பார்த்தார். நேராகக் கவுண்டருக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

இதில் என்ன ஊற்றினீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். வீட்டில் கிடந்த பழைய கேன் என்றார் அக்கா. யார் ஊற்றச் சொன்னது என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அதிக நேரம் போயிருக்காது. எனக்கு மட்டும் அது நகரவே இல்லை. நானே சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது, ஆனால் சொல்லவில்லை.

“ஒருத்தரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஊற்றினேன்,” என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார்.

முதலாளி பெருமூச்சு விட்டார். பிறகு, ஆங்கிலம் புரியாதவரிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கொஞ்சம் சத்தமாக விளக்க ஆரம்பித்தார். இது. தண்ணீர். இல்லை. இதில். ஒரு. மருந்து. இருக்கிறது. வெயிலில். வைத்தால். கெட்டுவிடும். புரிகிறதா? வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்களே, அதைப் படிக்கக் கூடாதா? உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இதெல்லாம் தெரியாதா?

அக்கா யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவர். யூரியா எந்தச் சூட்டில் எப்படிப் பிரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து வகுப்பெடுக்கக் கூடியவர். மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த மனுஷி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “யெஸ். சாரி. யெஸ்,” என்று சொல்லிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் கையில் துணியோடு நின்றேன். தரையில் சிந்தியிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை மதியம் தாண்டியும் ஓடியது. தொட்டியை இறக்கி, கழுவி, குழாய்களில் சுத்தமான தண்ணீர் விட்டு அலசி, வடிகட்டியை மாற்றி, புதிய கேனிலிருந்து நிரப்பினேன். கோளாறு எண்ணை அழித்தேன். பிறகு கிரேட் சவுத் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி சாவியைத் திருப்பினேன். திருப்புகிற அந்த நொடியில் என் பாட்டன் பூட்டன் தெய்வமெல்லாம் வாயில் வந்தது. ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது முறை திருப்பியபோது சிவப்பு விளக்கு இல்லை. பென்ரோஸ் வரும்வரை எனக்குள் ஒரு பாட்டு ஓடியது. தப்பித்துவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

வண்டியை வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தேன். மழை விட்டிருந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து, இருக்கையைச் சரி செய்து, கண்ணாடியை இறக்கினார்.

“ஒண்டு கேக்கட்டோ தம்பி?”

“கேளுங்கக்கா.”

“அந்தக் கானைப் பாக்கேக்குள்ளயே எனக்குத் தெரியும், அது பழுதாப் போட்டுது எண்டு. ஆனா நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள், விடச் சொல்லுறீங்கள் எண்டு விட்டனான். அது சொல்லால வந்த பிழை, ஆருக்கும் வரும். உங்கட முதலாளி என்னை மொக்கு எண்டு நினைச்சிட்டார், அதுவும் பரவாயில்லை.” சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். “அவர் அப்பிடிக் கதைக்கேக்குள்ள நீங்கள் ஏன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்? என்னை ஒருக்காப் பாத்திருக்கலாமே.”

பதிலுக்கு நிற்கவில்லை. வண்டி தெரு முனையில் திரும்பிப் போய்விட்டது.

நான் உள்ளே வந்து சாமான்களைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். பிறகு ஆபீஸ் கதவைத் தட்டினேன். தைரியம் வந்ததால் தட்டவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தை மறுபடி மனைவியின் வேலையிடத்தில், கடையில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் தரையைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படம் வந்தது, கழிப்பறை, அந்தச் சொல், நான் வாயை மூடச் சொன்னது, அவர் மூடியது, அவர் இரசாயனவியல் ஆசிரியர் என்பது. என் ஆங்கிலம் தடுமாறியது. ஒரே சொல்லுக்கு ஊற்று என்றும் தொடாதே என்றும் இரண்டு அர்த்தம் என்பதை விளக்க முடியாமல் கையால் ஊற்றிக் காட்டினேன். சொல்லி முடித்துவிட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உன் விஷயத்தைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார். அது ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது, நான் அங்கேயே வேலையில் இருந்தேன். ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. அவர் வேலைச் சீட்டை எடுத்து, அதிலிருந்த அக்காவின் எண்ணைப் பார்த்து, போனை அழுத்தினார்.

அக்கா எடுத்தார் போலிருக்கிறது. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு பேசினார். காலையில் உங்களிடம் நான் பேசிய விதம் தவறு, எனக்கு இப்போதுதான் விஷயம் தெரிந்தது, மன்னிக்க வேண்டும் என்றார். மறுபக்கம் ஏதோ சொல்லக் கேட்டு, இல்லை, அது என் தவறுதான், மன்னிக்க வேண்டும் என்று இன்னொரு முறை சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திங்கட்கிழமையிலிருந்து அந்த நிமிடம்வரை நான் விசாவை நினைத்திருந்தேன், லாக்கரை நினைத்திருந்தேன், அக்காவிடம் ரகசியம் காக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தடவைகூட அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

முதலாளி போனை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன்.

“அக்கா,” என்றேன்.

“ம். சொல்லுங்கோ.”

முதலாளி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நான் சொன்னேன்.